கொல்லிப்பாவையும் லெமூரியாச் சிற்பிகளும்

கொல்லிமலையில் ஒரு பெண் நிற்கிறாள் என்று சங்கப் புலவர்கள் சொன்னார்கள். மலையின் மேற்குப் பக்கத்தில், வெள்ளருவி விழும் இடத்தில், கல்லோடு கல்லாக நிற்கும் பாவை. செய்தவர் யார் என்று கேட்டால் ஒரு பாட்டு தெய்வம் என்கிறது, இன்னொன்று பூதம் என்கிறது. மனிதச் சிற்பியின் பேச்சே இல்லை. நற்றிணையில் பரணர் அவளை ஒரு காதலனின் வாயில் வைத்துப் பேசுகிறார். காற்று மோதி இடித்தாலும், மழை கொட்டினாலும், இடி சினந்து விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் அந்தப் பாவை தன் அழகிய உருவம் கெடாமல் நிற்பாளாம். தன் மனதில் இருப்பவளும் அப்படித்தான் என்கிறான் அவன். குறுந்தொகையில் கபிலரும் வல்வில் ஓரியின் கொல்லியைச் சொல்லும்போது பாவையை விட்டுவிடவில்லை.

பிற்கால மரபு பாவைக்கு நடக்கவும் சிரிக்கவும் கற்றுக்கொடுத்தது. தவம் செய்யும் முனிவர்களுக்குக் காவலாக வைக்கப்பட்டவள், அசுரர் வாடை பட்டால் சிரித்து மயக்கிக் கொன்றுவிடுவாள் என்று கதை வளர்ந்தது. மலைமேல் இருக்கும் எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவை என்றே கும்பிடுகிறவர்கள் இன்றும் உண்டு.

இந்தப் பாவையை மனதில் வைத்துக்கொண்டு தென்மேற்கே ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீட்டர் கடலைத் தாண்டுவோம். மொரீசியஸ் தீவு. 1951இல் போர்ட் லூயிஸ் நகரில் ஒரு தடித்த பிரெஞ்சு நூல் அச்சாகி வெளிவருகிறது. பெயர் ‘பெத்ரூஸ்மோக்’. எழுதியவர் மால்கம் தெ ஷசால். தீவின் மலைகள் எரிமலை கக்கியவையும் மழை அரித்தவையும் அல்ல, கடலுக்குள் போன ஒரு கண்டத்தின் மாந்தர் செதுக்கியவை என்பது அந்த நூலின் சேதி. முகடுகளில் முகங்கள், சரிவுகளில் உடல்கள், மலையே ஒரு சிற்பக்கூடம். அந்தக் கண்டத்துக்கு அவர் வைத்திருந்த பெயரைக் கேட்டால் தமிழ் வாசகர் நிமிர்ந்து உட்காருவார்: லெமூரியா.

பரணரை ஷசால் படித்திருக்க வழியில்லை. கொல்லிமலை என்று ஒன்று இருப்பதாகவும் அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். இரண்டு மலைகள், இரண்டு மொழிகள், இடையில் இரண்டாயிரம் ஆண்டு. ஆனாலும் பார்வை ஒன்றாக இருக்கிறது. இந்த ஒற்றுமைக்குக் காரணம் மனித மூளையில் இருக்கிறது. அதைவிட வியப்பான இன்னொரு ஒற்றுமை பாறைக்குள் இருக்கிறது. அது இரண்டு கவிஞருக்குமே தெரியாது.

முதலில் ஷசால் யார் என்று பார்த்துவிடலாம். 1902 செப்டம்பர் 12 அன்று வகோவா என்ற ஊரில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக மொரீசியஸில் வேர்விட்ட பிரெஞ்சுக் குடும்பம். ஸ்வீடன் நாட்டு ஞானி ஸ்வீடன்போர்கின் போதனையை அந்தத் தீவில் பரப்பியவர்கள் அவருடைய முன்னோர். காணும் பொருளுக்கும் காணாத உலகுக்கும் நேருக்கு நேர் தொடர்பு உண்டு என்பது அந்தப் போதனையின் சாரம். பையனை அமெரிக்காவின் லூசியானாவுக்குப் படிக்க அனுப்பினார்கள், சர்க்கரைத் தொழில்நுட்பப் பொறியியலுக்காக. கரும்புத் தீவில் அதுதான் சோறு போடும் படிப்பு. திரும்பி வந்து ஆலையில் வேலை செய்தார், சர்க்கரைப் பொருளாதாரம் பற்றித் துண்டு நூல்கள் எழுதி முதலாளிகளின் எரிச்சலைச் சம்பாதித்தார், பிறகு அரசுத் தொலைபேசித் துறையில் ஓர் உத்தியோகத்தில் உட்கார்ந்துகொண்டார். 1957 வரை அரசு ஊழியர்.

கியூர்பிப் என்ற மலையூரின் தாவரவியல் பூங்காவில் ஒரு நாள் நடந்துகொண்டிருந்தபோது அவர் ஓர் அசேலியாப் பூவைப் பார்த்தார். பூ தன்னைத் திருப்பிப் பார்ப்பதாக உணர்ந்தார். தன் எழுத்து முழுவதும் அந்த நொடியிலிருந்து பிறந்ததாகவே வாழ்நாள் எல்லாம் சொல்லிவந்தார். நாம் பொருள்களைப் பார்ப்பதோடு பொருள்களும் நம்மைப் பார்க்கின்றன. பூவுக்கு முகம், நீருக்கு நடை, நிறத்துக்குக் குரல், எல்லாவற்றிலும் மனித உடல் ஒளிந்திருக்கிறது. இந்த நம்பிக்கையில் எழுதிய சின்னஞ்சிறு வாசகங்களைச் சேர்த்து ‘சான்ஸ்-பிளாஸ்தீக்’ என்ற நூலாகச் சொந்த ஊரிலேயே அச்சடித்துப் பாரிசில் இருந்த எழுத்தாளர்களுக்கு அனுப்பினார். ஊர் பேர் தெரியாத ஒருவரின் தபாலைப் பிரித்த பாரிஸ் அசந்துபோனது. ழான் போலானின் முன்னுரையோடு 1948இல் கலிமார் பதிப்பகம் அதை வெளியிட்டது. மீமெய்யியல் இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் கொண்டாடினார். பின்னாளில் ஆங்கிலக் கவிஞர் ஆடனும் மெச்சினார்.

சொந்தத் தீவில் கதை வேறு. கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும் கிறுக்கர் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பாரிஸ் போய்க் குடியேறியிருக்கலாம்; போகவில்லை. உள்ளூர்ச் செய்தித்தாள்களில் எழுதிக் குவித்தார். ஐம்பதுகளில் தூரிகையை எடுத்து, குழந்தை வரைந்த மாதிரி, பளீரென்ற நிறங்களில் பூவும் மீனும் டோடோப் பறவையும் தீட்டினார். 1981 அக்டோபர் 1 அன்று அதே தீவில் இறந்தார்.

    

ஷசாலின் தலையில் லெமூரியா எப்படி ஏறியது? அந்தப் பெயரைப் பெற்றுப்போட்டவர் ஒரு விலங்கியலாளர். மடகாஸ்கரில் லெமூர் என்ற மரம்வாழ் விலங்குகள் கூட்டம் கூட்டமாக உண்டு. அவற்றுக்கு உறவான விலங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது: நம் தேவாங்குதான். நடுவில் கடல். கடலை நீந்தித் தாண்டியிருக்க முடியாதே, அப்படியானால் இடையில் தரை இருந்திருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் பிலிப் ஸ்க்ளேட்டர் 1864இல் எழுதினார். அந்த மூழ்கிய தரைக்கு லெமூரியா என்று பெயரிட்டார். அன்றைய அறிவுக்கு அது நியாயமான ஊகம். கண்டங்கள் நகரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒட்டாத இரண்டு நிலங்களை ஒட்ட வேண்டுமானால் நடுவே ஒரு பாலம் போட்டு, பிறகு அதை மூழ்கடித்துவிடுவதே விஞ்ஞானிகளின் வழக்கம்.

ஜெர்மனியின் ஹெக்கெல் மனித இனமே அங்குதான் தோன்றியிருக்கலாம் என்றார். பிரம்மஞான இயக்கத்தின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் ‘இரகசியக் கோட்பாடு’ நூலில் அங்கே பூதாகாரமான மனித இனத்தைக் குடியேற்றினார். விலங்கியலில் பிறந்த ஊகம் இப்படியாக ஞானமார்க்கத்துக்கு வந்து சேர்ந்தது. ரெயூனியன் தீவைச் சேர்ந்த ஜூல் எர்மான் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் இறந்த பின் 1927இல் வெளிவந்த நூலில், இந்தியப் பெருங்கடல் தீவுகளின் மலைகள் லெமூரியர் செதுக்கியவை என்றும் மலகாசி மொழியே உலக மொழிகளின் தாய் என்றும் வாதிட்டார். மொரீசியஸ் கவிஞர் ராபர்ட்-எட்வர்ட் ஹார்ட் அதைப் படித்தார். ஹார்ட் சொல்லி ஷசால் அறிந்தார். பிறகு மலைகளை ஏறிட்டுப் பார்த்தபோது அவை மலைகளாக இல்லை.

எந்த மலைகள் என்று தெரிந்தால் அவர்மேல் கொஞ்சம் அனுதாபம் வரும். போர்ட் லூயிஸுக்குப் பின்னால் எழும் பீட்டர் போத் மலை 820 மீட்டர் உயரம். அதன் கூர்முனையில் கழுத்தின்மேல் தலை வைத்ததுபோல் ஒரு பெரும்பாறை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே கட்டைவிரல் உயர்த்திய வடிவில் ஒரு முகடு. பெயரும் கட்டைவிரல் என்பதுதான். கோர் தெ கார்த் மலையின் சரிவில் நம் ஆட்கள் முருகனைக் குடியேற்றி, ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் படியேறுகிறார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழரும் அந்த மலையைச் சும்மா மலையாக விட்டுவைக்கவில்லை.

இப்போது மூளைக்கு வருவோம். நம் மூளையின் அடிப்பகுதியில், பெரும்பாலும் வலப்பக்கத்தில், முகத்தைக் கண்டால் விழித்துக்கொள்ளும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. நான்சி கான்விஷரும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் அதை மூளைப் படங்களின் வழியே தெளிவாக வரையறுத்தார்கள். முகம் கண்ணில் பட்டதும், ஒரு நொடியை ஆறாகப் பங்கிட்டால் ஒரு பங்கு நேரத்துக்குள், மூளை ‘முகம்’ என்று அடையாளம் கண்டுவிடுகிறது. கார் முகப்பு, சுவரில் உள்ள மின்செருகி போல, முகமே அல்லாத ஆனால் முகச்சாயல் உள்ள பொருளைக் காட்டினாலும் அதே வேகத்தில் அதே சமிக்ஞை எழுவதை 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. யோசித்துப் பார்த்து நாம் முகத்தைக் கற்பனை செய்வதில்லை; யோசனை தொடங்கும் முன்பே முகம் வந்துவிடுகிறது. இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு, அவ்வளவு போதும். பிறந்த சில மணி நேரத்துக் குழந்தையும் முகம்போன்ற வடிவம் நகர்ந்தால் அதன் பின்னே தலையைத் திருப்புகிறது. குரங்குகளுக்கும் இந்த மயக்கம் உண்டு என்று 2017இல் தெரியவந்தது.

1976இல் வைக்கிங் விண்கலம் செவ்வாயில் ஒரு மனித முகத்தைப் படம் பிடித்துவிட்டதாக உலகமே பேசியது. 2001இல் கூர்மையான படம் வந்தபோது அது சாதாரணக் குன்று. மதுரைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஊருக்கு வெளியே படுத்திருக்கும் யானைமலையைப் பார்த்த யாரும் அதில் யானையைக் காணாமல் தப்ப முடியாது. சமணர் ஏவிய யானை கல்லாகிப் போனது என்று திருவிளையாடல் கதையும் தயாராக இருக்கிறது. உருவம் முதலில் வருகிறது. அதைச் செய்தவர் யார் என்ற கேள்வி அடுத்து வருகிறது. விடை அந்தந்த ஊரின் சரக்கு: இங்கே பூதம், அங்கே லெமூரியர்.

ஆனால் எல்லோரும் பார்க்கும் முகத்திலிருந்து எல்லோரும் கவிதை எழுதிவிடுவதில்லை. மயக்கம் மூளையினுடையது, அந்தப் பாவையைக் காதலியின் நினைவுக்கு அளவுகோலாக்கியது பரணர் செய்தது. அழியாத உருவம் என்று சொல்லி, எந்தெந்தச் சக்திகளால் அழியவில்லை என்று காற்று, மழை, இடி, நிலநடுக்கம் என அடுக்குகிறார் பாருங்கள், மலையைத் தேய்க்கும் சக்திகளின் பட்டியல் அது. இன்றைய நிலவியல் மாணவர் தேர்வில் எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும்.

அவர் சொன்னது எவ்வளவு தூரம் சரி? கொல்லிமலையின் உடல் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. நீலம் கலந்த கருமை. புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் மினுக்கம் தெரியும். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், கல்லறைக்குள் படுத்திருந்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். பரங்கிமலையும் பல்லாவரமும் இதே கல்தான். பூமியின் மேலோட்டில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரி வெப்பத்தில், நீர்ச்சத்து ஏறக்குறைய வற்றிப்போன நிலையில் உருவாகும் பாறை இது. அவ்வளவு ஆழத்தில் வெந்தது இன்று 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பலாவுக்கும் மிளகுக்கும் காபிக்கும் இடம் கொடுத்துக்கொண்டு நிற்கிறது என்றால், அதன்மேல் இருந்த கிலோமீட்டர் கணக்கான கல் முழுவதும் தேய்ந்து ஆற்றோடு போய்விட்டது என்று பொருள்.

தேய்மானம் நிகழும் விதத்தில்தான் பாவைகள் பிறக்கிறார்கள். பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் இருக்கும். மழைநீர் அவற்றின் வழியே இறங்கி விளிம்புகளை முதலில் தின்னும். கட்டம் கட்டமாக இருந்த கல் மூலை மழுங்கி உருண்டையாகும், மேல்தோல் தகடு தகடாக உரியும். தலை, தோள், இடுப்பு என்று நாம் படிக்கும் வளைவுகள் இப்படி வந்தவை. மலையுச்சியில் மழை பாறையிலிருந்த மற்றவற்றைக் கரைத்துக்கொண்டுபோய் அலுமினியத்தை மட்டும் மிச்சம் வைத்தது. அந்தப் பாக்சைட் மண்ணைத்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக நெடுங்காலம் வெட்டினார்கள். ஆனாலும் இதெல்லாம் மிக மெதுவான வேலை. தென்னிந்திய மேட்டுநிலங்களுக்குப் பொதுவாகச் சொல்லக்கூடிய பத்து லட்சம் ஆண்டுக்குப் பத்து மீட்டர் என்ற அளவை வைத்துக்கொண்டால், பரணர் காலத்திலிருந்து இன்றுவரை தேய்ந்தது இரண்டு சென்டிமீட்டர். பாவையின் மூக்கு நுனி கொஞ்சம் மழுங்கியிருக்கும். புலவர் சொன்னது மிகை அல்ல.

சேலம், நாமக்கல் வட்டாரத்து இந்தப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. எப்படித் தெரியும்? சிர்கான் என்ற நுண்ணிய படிகம் சொல்கிறது. உருவாகும்போது யுரேனியத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை உள்ளே விடாது. சேர்ந்த யுரேனியமோ காலப்போக்கில் சிதைந்து ஈயமாகிறது. சிர்கானைப் பூட்டிய உண்டியல் என்று நினைத்துக்கொள்ளலாம். பிற்பாடு உடைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் ஈயம் முழுவதும் பூட்டிய பிறகு விழுந்த காசு. யுரேனியம்-238இல் பாதி ஈயமாக 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம்-235க்குச் சுமார் 70 கோடி ஆண்டு. ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒத்துப்போனால் வயதை நம்பலாம். வெயில், மழை, ஆறு, கடல், ஏன் எரிமலைக் குழம்புக்குள் விழுந்தாலும் பல சமயம் சிர்கான் தப்பித்துவிடும். தாய்ப்பாறை அழிந்துபோன பிறகும் அதன் வயதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மொரீசியஸ் தீவு இதற்கு நேர் எதிர். பாறைக் கணக்கில் கைக்குழந்தை. பூமியின் ஆழத்திலிருந்து எழும் ஓர் அனல் தூணின் மேல் கடல்தளம் நகர்ந்துபோகப் போக, தூண் துளைத்த இடங்களில் எல்லாம் எரிமலைகள் கிளம்பின. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தைக் கருங்கல் குழம்பால் மூடியது அந்தத் தூண்தான். பிறகு லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் வரிசைக்கு அடித்தளம் போட்டு, மொரீசியஸை எழுப்பி, இப்போது ரெயூனியனில் எரிந்துகொண்டிருக்கிறது. மொரீசியஸின் மிகப் பழைய குழம்புக்கே 90 லட்சம் ஆண்டுக்கு மேல் வயதில்லை. ஷசால் சிற்பங்களாகக் கண்ட முகடுகள், அந்தப் பழைய எரிமலை தேய்ந்து மிஞ்சிய விளிம்புகள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. 2013இல் நார்வேயின் ட்ரோண்ட் டோர்ஸ்விக் தலைமையிலான குழு மொரீசியஸ் கடற்கரை மணலைச் சலித்தது. சிக்கியது சில சிர்கான்கள். வயது 66 கோடியிலிருந்து 197 கோடி ஆண்டு வரை. ஒரு கோடி ஆண்டுகூட நிரம்பாத தீவில் நூறு கோடி வயதுப் படிகம்! தீவின் அடியில் ஒரு பழைய கண்டத்துண்டு புதைந்திருக்கிறது, எரிமலைக் குழம்பு மேலே வரும் வழியில் அதைச் சுரண்டிக்கொண்டு வந்திருக்கிறது என்றார்கள். அதற்கு மொரீஷியா என்று பெயரும் வைத்தார்கள். மணல்தானே, காற்றிலோ கப்பல் சரக்கிலோ செருப்பிலோ வந்திருக்கலாம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். மறுத்ததில் தப்பில்லை.

எனவே தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஆஷ்வாலும் டோர்ஸ்விக்கும் வீடன்பெக்கும் மணலை விட்டுவிட்டுப் பாறையையே உடைத்தார்கள். ட்ரக்கைட் என்ற வெளிறிய எரிமலைப் பாறை. சுமார் 60 லட்சம் ஆண்டு வயது. அதற்குள்ளே பூட்டிக்கிடந்த சிர்கான்களில் சில 250 கோடி முதல் 300 கோடி ஆண்டுப் பழமையானவை. காற்று கொண்டுவந்தது என்று இனி சொல்ல முடியாது. 2017 ஜனவரி இறுதியில் முடிவு வெளியானது. மடகாஸ்கரும் தென்னிந்தியாவும் ஒன்றாக ஒட்டியிருந்த காலத்தில் நடுவே கிடந்த பழம்பாறை இது, சுமார் 8.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா பிரிந்து வடக்கே கிளம்பியபோது கிழிந்து, துண்டு துண்டாகிக் கடலடியில் தங்கி, பிற்பாடு எரிமலைக் குழம்பால் மூடப்பட்டது என்பது அவர்கள் கணக்கு.

கொல்லிமலைப் பாறைக்கு 250 கோடி. மொரீசியஸ் அடியில் இருக்கும் துண்டுக்கு 250 முதல் 300 கோடி. மடகாஸ்கரின் நடுநிலத்திலும் 250 கோடி ஆண்டுப் பாறைகள் பரந்து கிடக்கின்றன. அதன் கிழக்குக் கரைப் பாறையைக் கர்நாடகத்துத் தார்வாட் பாறையோடு ஆய்வாளர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள். பாவை நிற்கும் மலையும், ஷசால் உலாவிய தீவின் அடித்தளமும், ஒரு காலத்தில் ஒரே பெருநிலத்தின் பக்கத்துப் பக்கத்து வயல்கள்.

அப்படியானால் லெமூரியா உண்மைதானே என்று இந்த இடத்தில் ஒரு குரல் எழும். எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2017இல் செய்தி வந்தபோதே, லெமூரியாவோடு நாம் இணைத்துப் பேசும் குமரிக்கண்டம் நிரூபணமாகிவிட்டது என்று கைப்பேசிகளில் சுற்றியது. இல்லை. மொரீஷியா கிழிந்தபோது பூமியில் டைனோசர்கள் உலாவின. நம் இனமாகிய ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது. 8.5 கோடிக்கும் மூன்று லட்சத்துக்கும் இடையில் எந்தச் சங்கத்தையும் உட்கார வைக்க முடியாது. அதோடு, ஸ்க்ளேட்டர் தேடிய பாலமும் இதுவல்ல. நிலங்கள்தாம் நகர்ந்தன என்று வெகனர் 1912இல் சொல்லத் தொடங்கி, அறுபதுகளில் சான்றுகள் குவிந்தபோது லெமூரியாவுக்கு வேலை இல்லாமல் போனது. லெமூரின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்ட மரத் திட்டுகளில் மிதந்து மடகாஸ்கருக்குப் போனதாக இன்று பலரும் கருதுகிறார்கள். தேவாங்குக்குக் கண்டம் தேவைப்படவில்லை, காடுதான் தேவை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது.

கடல் நிலத்தை விழுங்கியதே இல்லையா? விழுங்கியது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பின்னர் நீர் ஏறியபோது கரையோர நிலம் போனது. அந்த இழப்பின் நினைவு ஏதேனும் நம் பழைய கதைகளில் தங்கியிருக்கிறதா என்று கேட்பது நேர்மையான கேள்வி. ஆனால் சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் கடல்கொண்டதாகச் சொன்ன 49 நாடுகளைப் பிளாவட்ஸ்கியின் கண்டத்தில் கொண்டுபோய்ப் பொருத்தியது இருபதாம் நூற்றாண்டின் வேலை. எர்மான் மலகாசிக்குக் கேட்ட அதே தாய்ப் பட்டத்தைத் தமிழறிஞர் பாவாணர் 1966இல் தமிழுக்குக் கேட்டார். மூழ்கிய கண்டத்தில் யார் வேண்டுமானாலும் தம் மொழியைக் குடியேற்றலாம். பட்டா கேட்க அங்கே ஆளில்லை.

ஷசாலைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலைகளில் தான் கண்டதை அவர் மனதார நம்பினார், அதில் ஐயமில்லை. ஆனாலும் ‘பெத்ரூஸ்மோக்’ நூலின் முகப்பில் பெயருக்குக் கீழே ‘தொன்மம்’ என்று வகை குறித்தார். வரலாறு என்று போடவில்லை, நிலவியல் என்றும் போடவில்லை. எரிமலையும் கரும்பும் அடிமைகளும் கூலிகளும் தவிர வேறு பழங்கதை இல்லாத, மனிதர் நிலையாகக் குடியேறி முந்நூறு சொச்சம் ஆண்டே ஆன தீவுக்கு ஒரு தொன்மத்தைத் தாமாகவே செய்து கொடுத்தார். இரண்டாயிரம் ஆண்டுப் பாட்டுகளைக் கையில் வைத்திருந்த நாமோ, அந்தத் தேவையே இல்லாமல், மூழ்கிய கண்டத்தைப் பாடப்புத்தக வரலாறாக்க முயன்றோம். இரண்டில் கவிஞர் செய்ததே கண்ணியமான காரியம் என்பது என் கருத்து.

புதுச்சேரியிலும் மொரீசியஸிலும் பிரெஞ்சும் தமிழும் ஒருசேர அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘சான்ஸ்-பிளாஸ்தீக்’கிலிருந்து ஒரு நூறு வாசகங்களையாவது அவர்கள் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும், குறிஞ்சிப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு அவை அந்நியமாக இராது. அதோடு நாமக்கல் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு விண்ணப்பம். காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஆடியிலும் வல்வில் ஓரி விழாவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் அவற்றைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறார்கள். பாறை வெட்டுமுகம் நன்றாகத் தெரியும் ஏதாவது ஒரு வளைவில், இந்தக் கல்லுக்கு வயது 250 கோடி என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள்.